மக்களே இல்லாத ஊருக்கு மேயர் எதற்கு? பிரான்சின் ஃப்ளோரி கிராமம்: நிலமும் வரலாறும்

பிரான்சில் உள்ளாட்சித் தேர்தல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 2020க்கு அடுத்த தேர்தல் 2026 மார்ச் மாதத்துக்கு உரியது. தேர்தல் சமயத்தில் ஊர்ப் பட்டியலைப் புரட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் திகைத்து நிற்கிறார்கள். நாட்டின் வடகிழக்கில் உள்ள மியூஸ் மாவட்டத்தில் ஆறு ஊர்களுக்கு நேரே மக்கள்தொகை 0 என்று அச்சாகியிருக்கும். வாக்காளர் இல்லை, வேட்பாளர் இல்லை, வாக்குச்சாவடியும் இல்லை. ஆனால் அந்த ஆறு ஊர்களுக்கும் எல்லை உண்டு, அரசு கொடுத்த ஐந்து இலக்க எண் உண்டு, மேயருக்குரிய அதிகாரத்தோடு ஒருவரும் உண்டு.

இது அச்சுப் பிழையோ என்று சிலர் நினைக்கிறார்கள். மானியம் வாங்குவதற்காக ஏட்டில் மட்டும் வைத்திருக்கும் ஊராக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். இரண்டும் தவறு. அந்த ஆறில் ஒன்றான ஃப்ளோரி-தெவான்-துவோமோன் கிராமத்தின் நிலத்தையும் வரலாற்றையும் வரிசையாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வெர்டன் நகருக்கு வடகிழக்கே ஏழு கிலோமீட்டர் தூரம்கூட இல்லாத ஊர் அது. இனி ஃப்ளோரி என்றே சொல்கிறேன்.

கொம்யூன் என்பது என்ன

பிரெஞ்சு நிர்வாகத்தின் அடிப்படை அலகு கொம்யூன். புரட்சி தொடங்கிய ஆண்டிலேயே, 1789 டிசம்பர் 14 அன்று, அதற்கான ஆணை வந்தது. அதுவரை தேவாலயப் பங்குகளாக இயங்கிவந்த ஊர்கள் பெரும்பாலும் அதே எல்லைகளோடு கொம்யூன்களாக மாறின. 1884 ஏப்ரல் 5ஆம் தேதிச் சட்டம் அவற்றின் அதிகாரங்களை நாடு முழுவதும் ஒரே மாதிரியாக வகுத்தது. இன்று சுமார் 34,900 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட வசிப்பதில்லை. பாரிஸ் மாநகரமும் ஒரு கொம்யூன்தான், அறுபது பேர் வாழும் மலைக் கிராமமும் ஒரு கொம்யூன்தான்.

புதுச்சேரி வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்காது. பிரெஞ்சு ஆட்சியில் 1880இல் அங்கே கொண்டுவரப்பட்ட கொம்யூன் முறையின் மிச்சமாகத்தான் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் எல்லாம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றன.

குழப்பம் தீர மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. கிராமம் வேறு, கொம்யூன் வேறு. வீடுகளும் தெருக்களும் மனிதர்களும் சேர்ந்தது கிராமம். எல்லை போட்டு அளந்த நிலப்பரப்பும் அதற்குரிய சட்ட உரிமைகளும் சேர்ந்தது கொம்யூன்.

2. கொம்யூன் ஒரு சட்டபூர்வ ஆள். சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், இழப்பீடு கேட்கலாம், கடன் வாங்கலாம். பள்ளிக்கூடம், துணி துவைக்கும் கூடம், பொதுக் காடு, 1905க்கு முன் கட்டிய தேவாலயம் ஆகியவை பெரும்பாலும் கொம்யூனின் சொத்து.

3. மேயருக்கு இரண்டு வேலை. ஊர் மக்களின் சார்பில் மன்றத்தை நடத்துவது ஒன்று. அரசின் சார்பில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவது மற்றொன்று.

இவற்றை வைத்துப் பார்த்தால், கிராமம் அழிந்தாலும் கொம்யூன் தானாக அழியாது என்பது புரியும். அதைக் கலைக்கத் தனியாக ஓர் அரசாணை வேண்டும், அல்லது பக்கத்து ஊரோடு சேர்க்க வேண்டும். ஃப்ளோரிக்கு அப்படி எதுவும் செய்யப்படவில்லை. ஏன் செய்யப்படவில்லை என்பதற்கான பதில் அந்த ஊரின் நிலத்திலிருந்தே தொடங்குகிறது.

மேட்டு விளிம்பில் ஓர் ஊர்

பாரிசைச் சுற்றியுள்ள நிலப்பகுதி அடியில் அடுக்கடுக்கான படிவுப் பாறைகளால் ஆனது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த சாப்பாட்டுத் தட்டுகளைப் போல, நடுவே தாழ்ந்தும் ஓரங்களில் உயர்ந்தும் அந்த அடுக்குகள் கிடக்கின்றன. கடினமான சுண்ணாம்புப் பாறையின் ஓரம் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களிலெல்லாம் நீண்ட மேட்டு விளிம்பு ஒன்று உருவாகியிருக்கிறது. பாரிசின் கிழக்கே இப்படிப் பல விளிம்புகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் ஒன்று மியூஸ் மேடு. ஜுராசிக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை அது.

இந்த மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. மேற்குப் பக்கம் மெல்லச் சரிந்து மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கே, ஆற்றங்கரையில், வெர்டன் நகரம். கிழக்குப் பக்கம் செங்குத்தாக விழுந்து வோவ்ர் சமவெளியில் முடிகிறது. வோவ்ர் களிமண் பூமி. குளமும் சேறும் நிறைந்தது. மேட்டின் விளிம்பில் நிற்பவருக்குக் கிழக்கே வருவது போவது எல்லாம் வெகுதூரத்துக்குத் தெரியும். கீழே சமவெளியில் இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. இந்த ஒரு வேறுபாடு பின்னால் எத்தனையோ உயிர்களைக் குடித்தது.

மேட்டின் முதுகை ஓடைகள் பல இடங்களில் வெட்டிக் குறுகலான பள்ளங்களாக ஆக்கியிருக்கின்றன. அந்தப் பள்ளங்களுக்கு நடுவே மிஞ்சிய முகடுகளில் ஒன்றின்மேல் ஃப்ளோரி இருந்தது. வடக்கே மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், வட்டாரத்தின் மிக உயரமான இடத்தில், துவோமோன். தெற்கே சூவில் என்ற மற்றொரு மேடு. சூவிலைத் தாண்டினால் நிலம் வெர்டனை நோக்கி இறங்கிவிடும். ஆக, வடக்கிலிருந்து மேட்டின் வழியாக வெர்டனுக்கு வர நினைக்கும் எவரும் துவோமோன், ஃப்ளோரி, சூவில் என்ற மூன்று படிகளையும் கடந்தாக வேண்டும்.

சுண்ணாம்பு மேட்டில் மழைநீர் நிற்காது, பாறை இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும். ஊற்றுகள் பள்ளத்தில்தான் பீறிடும். எனவே முகட்டு ஊர்களில் கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன, தண்ணீருக்கு எப்போதும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளங்களின் வெயில் படும் சரிவில் திராட்சை. ஃப்ளோரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்துக்குத் திராட்சைத் தோட்டப் பள்ளம் என்றே பெயர். சுற்றிலும் மரம் வெட்டும் காடுகள்.

ஊர் நகரவில்லை, எல்லை நகர்ந்தது

நடுக்காலத்தில் இந்த வட்டாரம் வெர்டன் ஆயரின் ஆட்சியில், புனித ரோமானியப் பேரரசின் பகுதியாக இருந்தது. 1552இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி மெட்ஸ், தூல், வெர்டன் ஆகிய மூன்று ஆயர் நகரங்களையும் பிடித்துக்கொண்டார். 1648இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை அதை ஏற்றுக்கொண்டது. 1790இல் மியூஸ் மாவட்டம் உருவானது. ஃப்ளோரிக்கு இவையெல்லாம் வரி கட்டும் இடம் மாறிய செய்திகள், அவ்வளவுதான்.

உண்மையான திருப்பம் 1871. பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், அல்சாசையும் மெட்ஸ் நகரை உள்ளிட்ட லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. அதுவரை மெட்ஸ்தான் கிழக்கின் பெருங்கோட்டை. ஒரே கையெழுத்தில் அது எதிரியின் கோட்டையாகிவிட்டது. அடுத்து வாயிற்காவல் ஏற்க வேண்டிய நகரம் வெர்டன்.

படைத் தளபதியும் பொறியாளருமான சேரே தெ ரிவியேர் வகுத்த திட்டப்படி வெர்டனைச் சுற்றி இரண்டு வட்டங்களாகக் கோட்டைகள் எழுந்தன. 1870களில் சூவில் கோட்டை. 1885இல் துவோமோன் கோட்டையின் வேலை தொடங்கியது. கிழக்கே வோ கோட்டை. இப்படியாக ஃப்ளோரி, யாரும் அதைக் கேட்காமலேயே, கோட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. விவசாயிகளின் வயல்களைச் சுற்றிக் காங்கிரீட்டும் படைச் சாலையும் வந்தன.

இருந்தும் ஊர் ஊராகத்தான் இருந்தது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டான 1913இல் 422 பேர் அங்கே வாழ்ந்தார்கள். உழவர்கள், மரம் வெட்டுவோர், ரொட்டிக் கடைக்காரர், கொல்லர், பள்ளிக்கூடமும் மேயர் அலுவலகமும் ஒன்றாக இருந்த கட்டடம், துணி துவைக்கும் கூடம், தேவாலயம், சிறு ரயில் நிலையம். லொரேன் பகுதியில் தெருவின் இருபக்கமும் நீளமான வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும், முன்னால் சாண எருக்குவியல் இருக்கும். ஃப்ளோரியும் அப்படிப்பட்ட ஒரு தெருவூர். வரலாற்று நூல்கள் தனியாகப் பேச வேண்டிய எந்தச் சிறப்பும் அதற்கு இல்லை. அந்த 422 பேரின் அன்றாடத்தைத்தான் போர் பறித்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1916

1916 பிப்ரவரி 21 காலையில் ஜெர்மானியப் பீரங்கிகள் வெர்டன் மேடு முழுவதையும் நொறுக்கத் தொடங்கின. ஃப்ளோரி மக்கள் அன்றே, கொட்டும் பனியில், கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களுக்கு அது சில நாள் வேலையாகத்தான் தோன்றியிருக்கும்.

பெல்ஜியக் கோட்டைகள் 1914இல் நொறுங்கியதைப் பார்த்த பிரெஞ்சுத் தலைமை, கோட்டைகளால் பயனில்லை என்று முடிவு கட்டி 1915இல் துவோமோனின் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றி எடுத்துச் சென்றிருந்தது. அந்தக் கோட்டையைப் பிப்ரவரி 25 அன்று ஒரு சிறு ஜெர்மானியக் குழு ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் பிடித்தது. மூன்று படிகளில் முதல் படி போயிற்று. ஜூன் 7 அன்று வோ கோட்டையும் விழுந்தது. அங்கே காவல் நின்றவர்களைத் தோற்கடித்தது தாகம். சுண்ணாம்பு மேட்டின் தண்ணீர்ப் பஞ்சத்தோடு, தொட்டியில் இருப்பதாக ஏட்டில் எழுதியிருந்த தண்ணீர் உண்மையில் இல்லாமல் போனதும் சேர்ந்துகொண்டது.

பிறகு ஃப்ளோரியின் முறை. நடந்தது இது:

1. ஜூன் 22 இரவு ஜெர்மானியர்கள் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு நிரப்பிய குண்டுகளை ஏராளமாக வீசிப் பிரெஞ்சுப் பீரங்கிகளின் வாயை அடைத்தார்கள். மறுநாள் காலை ஃப்ளோரி முகட்டை நோக்கிப் பெரும்படை நகர்ந்தது. ஊரின் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று.

2. முகட்டை விட்டுக்கொடுத்தால் அடுத்தது சூவில், அதற்கடுத்தது வெர்டன். எனவே பிரெஞ்சுப் படைகள் மீண்டும் மீண்டும் எதிர்த் தாக்குதல் நடத்தின. ஜூன் 23க்கும் ஆகஸ்ட் 18க்கும் இடையில் ஊர் 16 முறை கைமாறியதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. கைமாறியது என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் இருக்க முடியும்? ஜூலையிலேயே சுவர் என்று எதுவும் நிற்கவில்லை.

3. ஜூலை 11, 12 தேதிகளில் ஜெர்மானியர்கள் கடைசியாக முழுமூச்சாக முயன்றார்கள். சிலர் சூவில் கோட்டையின் தலைப்பகுதி வரை வந்து அங்கேயே தடுத்து நிறுத்தப்பட்டார்கள். ஜூலை 1 அன்று சோம் ஆற்றங்கரையில் பெரும்போர் தொடங்கிவிட்டதால் ஜெர்மனியால் இங்கே மேற்கொண்டு படையைக் குவிக்க முடியவில்லை.

4. ஆகஸ்ட் 18 அன்று மொரோக்கோ குடியேற்றக் காலாட்படைப் பிரிவு ஃப்ளோரியை மீட்டது. அதன் பிறகு ஊர் பிரெஞ்சுத் தரப்பிலேயே இருந்தது. அக்டோபர் 24 அன்று துவோமோன் கோட்டையும் மீட்கப்பட்டது.

டிசம்பர் 18 வரை நீண்ட வெர்டன் போரில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 3 லட்சம் பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். மேட்டின்மேல் விழுந்த குண்டுகள் சுமார் 6 கோடி இருக்கும் என்று கணிக்கிறார்கள். குண்டு விழுந்த குழிக்குள் இன்னொரு குண்டு, அதற்குள் மற்றொன்று என்று விழுந்ததில் மேல்மண்ணும் அடிப்பாறையும் கலந்துபோயின. ஒரு வயலின் வரப்பை அடையாளம் காணக்கூட வழியில்லை. ஃப்ளோரி இருந்த இடத்தை ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில், நொறுங்கிய செங்கல்லும் கல்லும் கலந்த ஒரு வெளிறிய கறையாகத்தான் பார்க்க முடிந்தது.

ஏன் மறுபடி கட்டவில்லை

வட பிரான்சில் போரில் தரைமட்டமான ஊர்கள் ஏராளம். பெரும்பாலானவை 1920களில் திரும்ப எழுந்தன. ஃப்ளோரி எழாததற்குக் காரணம் வீடுகள் இடிந்தது இல்லை. நிலமே நஞ்சானதுதான் காரணம்.

போர் முடிந்ததும் அரசு, போர்க்களங்களை அளந்து வரைபடத்தில் வண்ணம் தீட்டியது. லேசான சேதம் பச்சை, நடுத்தரம் மஞ்சள், மீட்க முடியாதது சிவப்பு. இந்தச் சிவப்பு மண்டலத்தைத் தீர்மானித்த அளவுகோல் உணர்ச்சி சார்ந்தது இல்லை, வெறும் கணக்கு: நிலத்தைச் சுத்தம் செய்து உழவுக்குக் கொண்டுவர ஆகும் செலவு, அந்த நிலத்தின் விலையைவிட அதிகமா? அதிகம் என்றால் அரசே அதை வாங்கிவிடும். 1919 ஏப்ரல் 17ஆம் தேதியின் போர்ச் சேத இழப்பீட்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது.

ஃப்ளோரியின் மண்ணில் என்ன இருந்தது?

1. வெடிக்காத குண்டுகள். சேற்றில் விழுந்ததால் அல்லது உற்பத்திக் கோளாறால் வெடிக்காமல் புதைந்தவை. ஏர்முனை பட்டால் வெடிக்கும்.

2. ரசாயனம். வாயுக் குண்டுகளின் உள்ளடக்கம், ஈயம், பாதரசம், ஆர்சனிக். இது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு வெர்டனுக்கு வடகிழக்கே உள்ள காட்டில் ஒரு சான்று இருக்கிறது. 1920களில் மிஞ்சிய வாயுக் குண்டுகளைக் கொண்டுபோய் எரித்த இடம் அது. பல தலைமுறை கழிந்தும் அந்த வட்டத்தில் புல்கூடச் சரியாக முளைக்கவில்லை. 2007இல் வெளியான மண் ஆய்வு அங்கே மிக அதிக அளவில் ஆர்சனிக் இருப்பதைக் காட்டிய பிறகு அந்த இடம் மூடப்பட்டது.

3. மனித உடல்கள். அடையாளம் தெரியாதவர்கள், முழுமையாகக் கிடைக்காதவர்கள். உழுதால் அவர்களைத்தான் உழ வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணத்தை வெறும் செலவுக் கணக்கில் அடக்க முடியாது. ஊர்க்காரர்களில் திரும்பி வர விரும்பியவர்கள் இருந்தார்கள். தாத்தா உழுத நிலம், பாட்டியின் கல்லறை. ஆனால் கல்லறைத் தோட்டமே குழியாகிப்போயிருந்தது. இழப்பீட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் வேறு ஊர்களில் குடியேறினார்கள்.

1919 அக்டோபர் 18: ஊரைச் சாகவிடாத சட்டம்

நிலத்தை அரசு வாங்கியாயிற்று, மக்கள் போயாயிற்று. இந்த நிலையில் கொம்யூனைக் கலைப்பதுதான் நிர்வாகத்துக்கு எளிது. பிரெஞ்சு அரசு அதைச் செய்யவில்லை. 1919 அக்டோபர் 18ஆம் தேதிச் சட்டம், அழிந்த ஊர்களுக்கு ஒரு நகராட்சிக் குழுவை அமைக்க வழி செய்தது. மூன்று பேர் கொண்ட குழு. தலைவருக்கு மேயரின் அதிகாரம். வாக்காளர் இல்லாததால் மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியாக இருக்கும் ப்ரெஃபே அவர்களை நியமிக்கிறார். நாட்டின் மற்ற ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததும் இங்கே புதிய நியமனம் நடக்கும். மக்கள்தொகை 0 என்ற வரியும் மேயர் என்ற பதவியும் ஒரே பட்டியலில் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடமும் தேவாலயமும் பொதுக் காடும் கொம்யூனின் சொத்து என்று மேலே பார்த்தோம். கொம்யூனைக் கலைத்துவிட்டால் அவற்றுக்கான இழப்பீட்டை யார் கேட்பது? பிறப்பு, இறப்புச் சான்றுகளுக்கு யார் பொறுப்பு? ஆனால் அந்தத் தேவை சில ஆண்டுகளில் தீர்ந்துபோயிருக்கும். நூறு ஆண்டு தாண்டியும் ஏற்பாடு தொடர்வதற்குக் காரணம் நினைவுதான். போரில் இறந்த படைவீரரின் இறப்புப் பதிவில் 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்' என்று எழுதும் வழக்கத்தை 1915ஆம் ஆண்டின் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆட்களுக்குத் தரும் அதே அடைமொழியை இந்த ஊர்களுக்கும் தந்தார்கள்.

வெர்டனைச் சுற்றி அப்படி ஒன்பது ஊர்கள்: போமோன், பெசோன்வோ, குமியேர், துவோமோன், ஃப்ளோரி, ஓமோன், லூவ்மோன், ஓர்ன், வோ. இவற்றில் துவோமோன், வோ, ஓர்ன் மூன்றிலும் ஓரமாகச் சில குடும்பங்கள் திரும்பி வந்ததால் அங்கே வழக்கமான தேர்தல் நடக்கிறது. துவோமோனும் வோவும் 2019 ஜனவரி 1 முதல் துவோமோன்-வோ என்ற ஒரே கொம்யூன். மற்ற ஆறும் முழுக்க வெறுமை.

இந்த முடிவின் அருமை, பக்கத்து மார்ன் மாவட்டத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கேயும் தாஊர், பெர்த், உர்லூ, ரிப்போன் போன்ற ஊர்கள் அதே போரில் அழிந்தன. அவை இருந்த நிலம் படைப் பயிற்சிக் களமாகிவிட்டது. 1950இல் அந்தக் கொம்யூன்களைக் கலைத்து அண்டை ஊர்களோடு சேர்த்தார்கள். சோம்பி-தாஊர் என்பதுபோலப் பக்கத்து ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வால்களாக அவற்றில் சில மிஞ்சின. ஃப்ளோரிக்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம். நேராமல் பார்த்துக்கொண்டவர்களை நான் மதிக்கிறேன். ஓர் ஊரை அழித்த அரசுகள் அதன் பெயரையாவது முழுதாக விட்டுவைப்பது குறைந்தபட்ச நேர்மை.

காடு

அரசு வாங்கிய சிவப்பு நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1920களில் கிடைத்த பதில்: காடு வளர்ப்பது. வெர்டன் அரசுக் காடு இன்று ஏறக்குறைய 10,000 ஹெக்டேர். தொடக்கத்தில் கோடிக்கணக்கில் நட்டவை பெரும்பாலும் ஊசியிலை மரங்கள், அதிலும் ஆஸ்திரியக் கருப்புப் பைன். சுண்ணாம்பு நிலத்தையும் கெட்ட மண்ணையும் தாங்கும் இனம் அது. 1970களுக்குப் பிறகு மெல்ல மெல்ல பீச் போன்ற அகன்ற இலை மரங்களுக்கு இடம் தரப்பட்டது.

மரங்கள் ஒரு வேலையை நன்றாகச் செய்தன. குழியும் பதுங்குகுழியும் உழவில் சமமாகிவிடாமல் அப்படியே நின்றன. ஃப்ளோரியில் இன்று நடந்தால் ஒரு சாண் சமதரை கிடையாது. புல் போர்த்திய மேடும் பள்ளமுமாகத் தரை அலையலையாகக் கிடக்கிறது. மழைநீர் தேங்கும் குண்டுக்குழிகளில் மஞ்சள் வயிற்றுத் தேரை இனம் பெருகியிருக்கிறது. கோட்டைகளின் இருட்டில் வௌவால்கள் குடியிருக்கின்றன. ஐரோப்பியப் பாதுகாப்பு வலையமைப்பான நத்தூரா 2000இல் இந்தக் காட்டுக்கும் இடம் உண்டு.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். 2018 முதல் அடுத்தடுத்து வந்த வறட்சியும் மரப்பட்டை வண்டும் வடகிழக்கு பிரான்சின் ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. பட்ட மரத்தை வெட்டி இழுக்கக் கனரக இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தின் சக்கரம், நூறாண்டு காத்த பதுங்குகுழியை ஒரு நாளில் நசுக்கிவிடும். வெட்டாமல் விட்டால் மரம் விழுந்து வேரோடு மண்ணைப் பெயர்க்கும். வனத்துறை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதோ ஒன்று கெடும். காட்டையும் போர்த்தடத்தையும் ஒரே இடத்தில் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று வெளியிலிருந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை.

வசிப்போர் இல்லை, ஆனால் 16,000 கல்லறைகள்

ஃப்ளோரியில் யாருமில்லை என்று சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும். துவோமோன் எலும்பு மண்டபத்தின் முன்னே விரியும் தேசியப் படைக் கல்லறைத் தோட்டம், ஃப்ளோரியின் பெயரைத்தான் அரசு ஏட்டில் தாங்கியிருக்கிறது. அங்கே 16,000க்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் தனித்தனிக் கல்லறைகளில் இருக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட முஸ்லிம் வீரர்களின் 592 கல்லறைகளும் அவற்றில் அடக்கம். அவர்களுக்கான நினைவுச் சின்னம் திறக்க 2006 வரை ஆயிற்று என்பது வருத்தத்துக்குரிய தாமதம். 1932இல் திறக்கப்பட்ட எலும்பு மண்டபத்தில் பிரெஞ்சு, ஜெர்மானியர் என்று பிரிக்க முடியாத சுமார் 1,30,000 பேரின் எலும்புகள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. 1984 செப்டம்பர் 22 அன்று பிரெஞ்சு அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் கோலும் கைகோத்து நின்றது இதன் முன்னால்தான். 2023இல் யுனெஸ்கோ, பெல்ஜியத்திலும் பிரான்சிலும் உள்ள முதல் உலகப் போர் நினைவிடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த இடமும் சேர்ந்தது.

எண்ணிக்கை இன்னும் முடியவில்லை. 2013 மே மாதம் ஃப்ளோரியில் தரைக்கடியில் 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் ஒன்றாகக் கிடைத்தன. ஏழு பேரின் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தது. தொண்ணூற்றேழு ஆண்டு கழித்து ஒரு குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேர்கிறது.

ஊர் இருந்த இடத்தில் இப்போது நடைபாதைகள். ரொட்டிக் கடை, கொல்லுப்பட்டறை, பள்ளிக்கூடம், பண்ணை வீடு என்று எது எங்கே இருந்தது என்பதைக் காட்டும் குறிகள் நடப்பட்டிருக்கின்றன. தேவாலயம் இருந்த இடத்தில் 1934இல் எழுந்த சிற்றாலயத்துக்கு 1979 முதல் ஐரோப்பாவின் அன்னை என்று பெயர். ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967இல் திறக்கப்பட்ட வெர்டன் நினைவகம், போரின் நூற்றாண்டான 2016இல் விரிவுபெற்று மீண்டும் திறக்கப்பட்டது.

நியமிக்கப்பட்ட மேயரின் பணி இவற்றைச் சுற்றித்தான். நினைவுச் சின்னத்தையும் பாதைகளையும் பராமரிக்க நிதி கேட்பது, ஆண்டு நினைவு நாளை நடத்துவது, வேர் தேடி வரும் குடும்பங்களுக்குப் பதில் சொல்வது, காட்டில் எதையாவது மாற்ற நினைக்கும் துறைகளிடம் ஊரின் சார்பில் பேசுவது. இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களில் பழைய ஊர்க்காரர்களின் வழித்தோன்றல்கள் பலர்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

1. பாரிஸ் கிழக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் மியூஸ் நிலையம் ஒரு மணி நேரம். அங்கிருந்து வெர்டனுக்குப் பேருந்து உண்டு. வெர்டனிலிருந்து மேட்டுக்கு வாடகைக் கார்தான் வசதி.

2. முதலில் நினைவகம், பிறகு ஃப்ளோரி, அதன் பிறகு எலும்பு மண்டபம் என்று போனால் நிலத்தின் அமைப்பு புரியும். நேரம் இருந்தால் மாலையில் துவோமோன் கோட்டையின் மேலேறி வோவ்ர் சமவெளியைப் பாருங்கள். இந்த முகட்டுக்காக ஏன் இரண்டு நாடுகள் இவ்வளவு பேரைச் சாகக் கொடுத்தன என்பது அங்கே நின்றால்தான் கண்ணுக்குப் படும்.

3. குறியிட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம். குழிகளின்மேல் ஏறி ஓடினால் மண் சரிந்து தடம் அழிகிறது. உலோகம் தேடும் கருவி கொண்டுபோவது குற்றம்.

4. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள், அது வெறும் குழாய் போலத் தெரிந்தாலும் சரி. இடத்தைக் குறித்துக்கொண்டு காவல் துறையிடம் சொன்னால் வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் வந்து எடுப்பார்கள். எலும்பு தெரிந்தாலும் அப்படியே விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கிடக்கும் நிலையையும் பக்கத்தில் உள்ள பொத்தானையும் அடையாள வில்லையையும் வைத்துத்தான் பெயரைத் தேட முடியும்.